ஷஃபிள் பட்டன் பழுதில்லை, ஆனா நீங்கள் சொல்லுறதும் பொய்யில்லை



“இருநூறு பாட்டு சேர்த்து வச்சிருக்கிறன், ஷஃபிளைப் போட்டா அதே இருபது பாட்டுத்தான் சுத்திச் சுத்தி வருது.” எங்கட நிகழ்ச்சிக்கு வாற குரல் செய்திகளில அடிக்கடி கேக்கிற முறைப்பாடு இது. அதுக்கு அடுத்த இடத்தில நிக்கிறது, “ராஜா பாட்டு மூண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வந்தது, இதையா ரேண்டம் எண்டு சொல்லுறீங்கள்?” போன எபிசோட்டில இதைத் தொட்டுட்டு நேரம் காணாமல் விட்டுட்டம். எழுத்தில எண்டா ஆறுதலாச் சொல்லலாம், கணக்கும் காட்டலாம்.

இரண்டாவது முறைப்பாட்டை முதல்ல எடுப்பம். அதில ஆப்பில பிழை இல்லை.

உங்கட ப்ளேலிஸ்டில 100 பாட்டு இருக்கு, அதில 20 பாட்டு இளையராஜா எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. நேர்மையாக் கலைச்சா, இரண்டு ராஜா பாட்டு பக்கத்தில பக்கத்தில வாற இடங்கள் சராசரியா 3.8. எங்கயுமே இரண்டு சேர்ந்து வராமல் இருக்கிறதுக்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. மூண்டு தொடர்ந்து வாறது கூட, பட்டியல் முழுக்கக் கேட்டு முடிக்க, சராசரியா 0.7 தடவை நடக்கும். அதாவது, சேர்ந்து வராமல் இருந்தாத்தான் நீங்கள் சந்தேகப்பட வேணும்.

ஆனா மனுச மூளைக்கு இது ஏறாது. ரேண்டம் எண்டா சமமாப் பரவியிருக்கிறது எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். 1944 இல ஜெர்மனி இலண்டன் மேல வி-1 பறக்கும் குண்டுகளை ஏவினபோது, அது குறிப்பிட்ட இடங்களைக் குறி வச்சுத்தான் விழுகுது எண்டு சனம் நம்பினது. ஆர். டி. கிளார்க் எண்ட காப்புறுதிக் கணக்கியலாளர் தெற்கு இலண்டனை 576 சதுரங்களாப் பிரிச்சு, விழுந்த 537 குண்டுகளை எண்ணி 1946 இல ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒரு குண்டும் விழாத சதுரங்கள் 229. குருட்டுவாக்கில விழுந்தா எத்தனை சதுரம் தப்பும் எண்டு கணக்குப் போட்டா வாறது கிட்டத்தட்ட 227. ஷெல்லடிக்குள்ள வாழ்ந்த எங்கட பெற்றோரிட்ட இந்தக் கதையைச் சொல்லுறதெண்டா குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொல்லவேணும். அவையளுக்கு அது புள்ளிவிபரம் இல்லை.

சரி, ஆப் எப்படிக் கலைக்குது? அடிப்படை முறைக்குப் பேர் ஃபிஷர்-யேட்ஸ். ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938 இல ஒரு புள்ளிவிபர அட்டவணைப் புத்தகத்தில, தாளும் பென்சிலும் கொண்டு செய்யிறதுக்காக எழுதினது. கொம்பியூட்டருக்கு ஏற்ற வடிவத்தை ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் 1964 இல வெளியிட்டார். விசயம் இவ்வளவுதான்: கடைசி இடத்துக்கு மொத்தத்தில இருந்து ஒண்டை எழுந்தமானமா எடுத்து மாத்திப் போடு, பிறகு அதைத் தொடாமல் அதுக்கு முந்தின இடத்துக்கு மிச்சத்தில இருந்து ஒண்டு, அப்படியே முன்னுக்கு வா. நாலு வரி நிரல். பைதனில நீங்கள் கூப்பிடுற ஷஃபிள் இதுதான்.

நாலு வரி எண்டாலும் பிழை விட இடம் இருக்கு. ஒவ்வொரு பாட்டையும் முழுப் பட்டியலில ஏதோ ஒண்டோட மாத்தினா என்ன எண்டு முதலாம் வருசத்தில எல்லாருக்கும் தோன்றும். மூண்டு பாட்டுக்கு அப்படிச் செய்தா 3 தர 3 தர 3, 27 வழிகள் வரும். மூண்டு பாட்டை அடுக்கக்கூடிய வரிசைகள் 6. 27 ஐ ஆறால பிரிக்க ஏலாது, அப்ப சில வரிசைகள் கட்டாயம் கூட வரும். 2010 இல ஐரோப்பிய ஒன்றியத்தின்ர கட்டளைக்காக மைக்ரோசொஃப்ட் ஒரு பிரௌசர் தெரிவுத் திரை வச்சது. ஐஞ்சு பிரௌசரும் எழுந்தமானமான வரிசையில வரவேணும். எழுதினவை கலைக்கிறதுக்குப் பதிலா, வரிசைப்படுத்துற கட்டளைக்கு எழுந்தமானமான பதிலைக் குடுத்து ஏமாத்தப் பார்த்திருக்கினம். விளைவு, இன்ரநெட் எக்ஸ்புளோரரில அந்தப் பக்கத்தைத் திறந்தா எக்ஸ்புளோரர் ஏறக்குறைய பாதித் தடவை கடைசியில போய் நிண்டது. சதி செய்திருந்தா முதலாவதா எல்லோ வந்திருக்கும்! நேர்முகத் தேர்வில யாராவது ஷஃபிள் எழுதச் சொன்னா இந்தக் கதை ஞாபகம் இருக்கட்டும்.

இனி, நேர்மையான ஷஃபிள் சனத்துக்குப் பிடிக்கேல்ல எண்டதுதான் வரலாறு. ஐபொட் ஷஃபிள் 2005 ஜனவரியில வந்தது. திரையே இல்லாத, சூயிங்கம் பைக்கற் அளவு சாமான். அதே வருசம் செப்ரெம்பரில ஐரியூன்ஸ் 5 ஐ அறிமுகப்படுத்தேக்க ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில சொன்னதன் சாரம்: ரேண்டமா இருக்கிற மாதிரித் தெரியவேணும் எண்டதுக்காக ரேண்டத்தைக் குறைச்சிருக்கிறம். ஸ்பொட்டிஃபையும் இதே வழியில வந்தது. தாங்கள் முதல்ல பாவிச்சது ஃபிஷர்-யேட்ஸ்தான், ஆனா முறைப்பாடு கூடினபடியால மாத்தினம் எண்டு அவையின்ர பொறியியலாளர் ஒருவர் 2014 இல வெளிப்படையா எழுதினார்.

அந்த மாற்றம் பத்திரிகை அச்சில இருந்து வந்த யோசனை. கறுப்பு மை மட்டும் வச்சுச் சாம்பல் நிறத்தைக் காட்ட வேணுமெண்டா புள்ளிகளைத் தூவ வேணும். எழுந்தமானமாத் தூவினா சில இடத்தில திட்டுத் திட்டா வரும். அதால புள்ளிகளைக் கொஞ்சம் விலத்தி விலத்தி வைப்பினம். பாட்டுக்கும் அப்படித்தான். ஒரு கலைஞருக்கு 4 பாட்டு இருந்தா, பட்டியலின்ர ஒவ்வொரு 25 சதவீதத்துக்கும் ஒண்டு எண்ட கணக்கில வச்சு, ஒவ்வொண்டையும் சின்னதா அங்கால இங்கால தள்ளி விடுவினம். எல்லாக் கலைஞர்களையும் இப்படி ஒரே கோட்டில வச்சா வாறதுதான் உங்கட வரிசை.

நல்ல யோசனை. ஆனா எங்கட பாட்டுக்கு வரேக்க “கலைஞர்” எண்டா ஆர்?

ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் சுலபம். அடேல் பாடினா அடேல். தமிழ்த் திரைப்பாட்டில இசையமைப்பாளர் ஒருவர், பாடினவை இரண்டு பேர், எழுதினவர் இன்னொருவர். உங்கட ஃபோனை எடுத்துப் பாருங்கோ: ஒரு பாட்டுக்கு முதல் பேர் இளையராஜா, அடுத்ததுக்கு முதல் பேர் எஸ். பி. பாலசுப்பிரமணியம், இன்னொண்டுக்கு மூண்டு பேரும் வரிசையா. முதல் பேரை மட்டும் பார்த்துப் பரப்பிற நிரலுக்கு, ராஜாவுக்கு எஸ்.பி.பி. பாடினது ஒரு கலைஞர், ரஹ்மானுக்கு எஸ்.பி.பி. பாடினது வேற கலைஞர். அது இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுட்டுத் தன்ர வேலை முடிஞ்சுது எண்டு இருக்கும். உங்கட காதுக்கு ஒரே குரல். மற்றப் பக்கம், ராஜா 1976 இல அன்னக்கிளியில தொடங்கி ஆயிரம் படம் தாண்டின மனுசன். கன பேரின்ர பட்டியலில பாதிக்கு மேல அவர்தான். பாதிக்கு மேல ஒரே பேர் இருந்தா எந்த நிரலாலயும் விலத்தி வைக்க ஏலாது.

இது காணாதெண்டு ஒரே பாட்டு இரண்டு மூண்டு தரம் உள்ளுக்க கிடக்கும். படத்தின்ர அல்பத்தில ஒண்டு, “காதல் பாடல்கள்” எண்ட தொகுப்பில ஒண்டு, “எண்பதுகளின் இனிமை” மாதிரி ஏதோவொண்டில இன்னொண்டு. ஒலிப்பதிவு ஒண்டுதான், ஆப்புக்கு மூண்டு தனித்தனிப் பாட்டு. ஆங்கிலத்தில பேரை எழுதுறதிலயும் ஆளுக்கொரு விதம். இளையராஜாவுக்கு எத்தனை ‘எல்’, எத்தனை ‘ஏ’ எண்டு இசை நிறுவனங்களுக்குள்ளயே ஒற்றுமை இல்லை. நான் வேலை செய்யிற தரவுத்தளங்களில இப்படி ஒரு வாடிக்கையாளர் மூண்டு பேரில இருந்தா அதைத் துப்புரவாக்கத்தான் என்னைக் கூலிக்கு எடுப்பினம். எங்கட பாட்டுகளைத் துப்புரவாக்க ஒருத்தரும் ஆளெடுக்கேல்ல.

இப்ப முதல் முறைப்பாட்டுக்கு வருவம், “அதே இருபது பாட்டு”. இதில நீங்கள் சொல்லுறது சரி.

றிச்மண்ட் ஹில்லில இருந்து 404 இல இறங்கினா, டிராஃபிக் இல்லாத நாளில அரை மணித்தியாலம், எட்டுப் பாட்டு. 200 பாட்டுப் பட்டியல். இருபது வேலை நாள், 160 பாட்டு. நேற்று விட்ட இடத்தில இருந்து தொடர்ந்தா 160 உம் வேற வேற பாட்டா இருக்கும். ஆனா ஒவ்வொரு நாளும் காருக்குள்ள ஏறி ஷஃபிளை அமத்தினா அது புதுசாக் கலைக்கும், நேற்றைய கணக்கை மறந்துபோகும். அப்படி இருபது நாள் கேட்டா நீங்கள் கேக்கிற வேற வேற பாட்டு சராசரியா 112. மிச்சம் 88 பாட்டு ஒரு மாசமா வாயே திறக்கேல்ல. இன்றைக்குக் கேட்ட எட்டில ஒண்டாவது நாளைக்கும் வாறதுக்கான வாய்ப்பு 28 சதவீதம். ஆப் கள்ள வேலை ஏதும் செய்யாமலே இவ்வளவு. இதில பிழை கலைக்கிறதில இல்லை, ஞாபகம் இல்லாததில.

2025 இல ஸ்பொட்டிஃபை இதுக்கு ஒரு மருந்து கொண்டுவந்தது. ஒரு வரிசைக்குப் பதிலாப் பல வரிசைகளை உருவாக்கி, அண்மையில கேட்டது முன்னுக்கு வராத வரிசையாப் பார்த்து எடுக்கிற முறை. இருபது வருசம் பிந்தினாலும் சரியான மருந்து. ஆனா அதுக்கு முதல், 2023 மார்ச்சில, அவை வேற ஒண்டைக் கொண்டுவந்திருந்தினம்: ஸ்மார்ட் ஷஃபிள். 15 பாட்டுக்கு மேல உள்ள உங்கட பட்டியலுக்குள்ள மூண்டு பாட்டுக்கு ஒண்டு எண்ட கணக்கில தானாப் புதுப்பாட்டு செருகும். அதாவது நீங்கள் கேக்கிறதில கால்வாசி நீங்கள் சேர்த்ததே இல்லை. எனக்கு இதில கோபம் இருக்கு, காரணத்தைச் சொல்லுறன்.

நேர்மையான ஷஃபிளில, கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட அனிருத் பாட்டுக்கும், யாழ்ப்பாணத்துப் பெடியள் சேர்ந்து வெளியிட்டு இருநூறு பேர் கேட்ட பாட்டுக்கும் ஒரே வாய்ப்பு. இருநூறில ஒண்டு. அந்தப் பட்டன் ஆருடைய பேரையும் பார்க்காது. பரிந்துரைக்கிற நிரல் அப்படியில்லை. “இதைக் கேட்டவை அதையும் கேட்டவை” எண்டதுதான் அதின்ர மூலதனம். கனபேர் கேட்டது இன்னும் கனபேருக்குப் போகும், ஆரும் கேக்காதது அடியிலயே கிடக்கும். ஈழத்துப் பாட்டு, ஸ்காபரோவில இருந்து வாற தமிழ் ராப், அம்மம்மாவுக்காகச் சேர்த்த சீர்காழி கோவிந்தராஜன் பாட்டு இதெல்லாம் எங்கட பட்டியலுக்குள்ள வந்ததே நாங்கள் கையால தேடிச் சேர்த்தபடியால. அதுக்குள்ளயும் வந்து சனம் கூடின பாட்டைச் செருகினா, எங்கட வீட்டுக்குள்ள வந்து எங்கட அலுமாரியை அடுக்கிற மாதிரி.

எங்கட பெற்றோர் காலத்தில கலைக்கிற வேலையை ஒரு மனுசன்தான் செய்தவர். இலங்கை வானொலியின்ர தமிழ்ச் சேவை. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட். இந்தப் பேர்களை உங்கட அப்பாவிட்டச் சொல்லிப் பாருங்கோ, முகம் மாறும். தமிழ்நாட்டிலயும் சனம் காது வச்சுக் கேட்ட வானொலி அது. காலமை “பொங்கும் பூம்புனல்” எண்டா அதுக்கேற்ற பாட்டு, இரவில வேற. இந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு எண்டு யோசிச்சுப் போட்டவை, இடையில இரண்டு வசனம் சொல்லிப் பாலம் போட்டவை. அப்துல் ஹமீட்டின்ர “பாட்டுக்குப் பாட்டு” பிறகு தொலைக்காட்சிக்கும் வந்தது. எழுத்தைப் பிடிச்சு அடுத்த பாட்டைத் தேடுற விளையாட்டு. அதுவும் ஒரு வரிசைப்படுத்துற நிரல்தான், மனுச மூளையில ஓடினது.

கசெற் இன்னொரு மாதிரி. றெக்கோடிங் பாரில பட்டியல் எழுதிக் குடுத்து அடிச்சு எடுக்கிறது. 90 நிமிசம், இந்தப் பக்கம் 45, அந்தப் பக்கம் 45. பக்கம் முடியிற இடத்தில பாட்டு அறுந்துபோகாமல் பார்க்கவும் வேணும். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில மின்சாரம் இல்லாமல் பற்றறியும் கிடையாத காலத்தில, சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில பாட்டுக் கேட்டவை. கையால சுத்திக்கொண்டு கேக்கிறவை பாட்டைத் தாண்டிப் போகமாட்டினம். அடுத்தது எதுவோ அதைத்தான் கேட்டவை, அதே வரிசையில, திரும்பத் திரும்ப. என்ர அப்பாவுக்கு இப்பவும் ஒரு குறிப்பிட்ட பாட்டு முடிஞ்ச உடனே, ஃபோனில வேற என்ன தொடங்கினாலும், வாய் அந்தக் கசெற்றில அடுத்ததா இருந்த பாட்டின்ர தொடக்க இசையைத்தான் முணுமுணுக்கும். அந்தக் கசெற் இல்லை, அடிச்ச கடை இல்லை. வரிசை மட்டும் அவரிட்ட இருக்கு.

வரிசையே உயிரா இருக்கிற இசையும் எங்கட கையில இருக்கு. இண்டைக்கு நாங்கள் கேக்கிற கர்நாடகக் கச்சேரியின்ர அமைப்பு பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) உருவாக்கித் தந்தது. வர்ணத்தில தொடங்கி, கிருதிகளால ஏறி, நடுவில பெரிய உருப்படி, தனியாவர்த்தனம், பிறகு துக்கடாக்கள், கடைசியா மங்களம். ஆப்பில இது பத்துத் துண்டா இருக்கும். ஆலாபனை ஒரு துண்டு, கிருதி ஒரு துண்டு, தனி ஒரு துண்டு. ஷஃபிள் போட்டா மங்களம் பாடி முடிச்சு, பிறகு தனியாவர்த்தனம், பிறகு ஆலாபனை மட்டும், அது போய்ச் சேர வேண்டிய கிருதி எங்கயோ. பரதம் பழகினவைக்கு இன்னும் சுலபமா விளங்கும். யங் வீதியில இருக்கிற றிச்மண்ட் ஹில் கலை அரங்கில ஒரு அரங்கேற்றம், திரை திறந்த உடனே தில்லானா, அதுக்குப் பிறகு அலாரிப்பு எண்டு நினைச்சுப் பாருங்கோ. குருவுக்கு நெஞ்சு நிண்டுபோகும். பயிற்சிக்கு ஃபோனில பாட்டுப் போடுற தங்கச்சிமார் இதைச் சிரிக்காமல் வாசிப்பினம் எண்டு நினைக்கிறன்.

இதில ஒரு வெற்றியும் உண்டு. 2021 நவம்பரில அடேலின்ர “30” அல்பம் வந்தபோது, அல்பத்தை வரிசையாத்தான் கேக்க வேணும் எண்டு அவ கேட்டதாலதான் ஸ்பொட்டிஃபை அல்பப் பக்கங்களில பெரிய பட்டனை ஷஃபிளில இருந்து சாதாரண ப்ளேக்கு மாத்தினது, காசு கட்டுறவைக்கு. ஒரு பாடகி கேட்டு நடந்தது. சங்கீத சபாக்கள் ஆரும் கேட்ட மாதிரித் தெரியேல்ல, ஆனா பலன் எங்களுக்கும் கிடைச்சுது.

சரி, என்ன செய்யலாம்? ஷஃபிள் குறியைக் கவனியுங்கோ. ஓரத்தில மின்னுற நட்சத்திரம் மாதிரி ஒண்டு தெரிஞ்சா அது ஸ்மார்ட் ஷஃபிள். திரும்ப அமத்தி நிப்பாட்டுங்கோ. காருக்குள்ள ஏறினதும் ப்ளேலிஸ்டைத் திறந்து ஷஃபிளை அமத்தாமல், கீழ நிக்கிற பாட்டில வெறும் ப்ளேயை அமத்துங்கோ. அப்ப நேற்றைய வரிசை தொடரும், மேல சொன்ன 112 எண்ட கணக்கு 160 பக்கமா நகரும். மாசத்துக்கு ஒருக்கா பட்டியலைப் பேர் வரிசையில அடுக்கிப் பார்த்தா ஒரே பாட்டின்ர பிரதிகள் பக்கத்தில பக்கத்தில வந்து நிக்கும், அழியுங்கோ. அரை மணித்தியாலத்தில முடியிற வேலை. கச்சேரி, சுப்ரபாதம், கந்தசஷ்டி கவசம் எல்லாத்தையும் பொதுப் பட்டியலில இருந்து கழட்டித் தனிப் பட்டியலாக்குங்கோ. குத்துப்பாட்டு முடிஞ்ச கையோட கவசம் தொடங்கினா, பின் சீற்றில இருக்கிற அம்மம்மாவுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது, செருப்பைக் கழட்டுறதோ விடுறதோ எண்டு.

நிரல் எழுதத் தெரிஞ்சவைக்கு ஒரு வார விடுமுறை வேலை: உங்கட பட்டியலை எடுத்து, கடைசியாக் கேட்ட நாளைப் பக்கத்தில குறிச்சு, பழசில இருந்து முதல் பாதியை மட்டும் ஃபிஷர்-யேட்ஸால கலைச்சுப் புதுப் பட்டியலா எழுதுங்கோ. பரப்பேக்க முதல் பேரைப் பார்க்காமல், இசையமைப்பாளர், பாடகர் இரண்டையும் தனித்தனியாப் பாருங்கோ. இசையமைப்பாளர் ஒண்டா இருந்தாலும் குரல் மாறினா விடலாம். குரல் ஒண்டா இருந்தா குறைஞ்சது மூண்டு பாட்டு இடைவெளி. நான் செய்து வச்சிருக்கிற நிரல் அறுபது வரி, அதில நாப்பது வரி பேர் எழுத்துக்களைத் திருத்துறதுக்கு. அடுத்த எபிசோட்டில அதைத் திறந்து காட்டுறம். அதுக்குள்ள, உங்கட வீட்டில கிடக்கிற பழைய கசெற் அட்டையில கையால எழுதின பாட்டுப் பட்டியல் இருந்தா படம் எடுத்து அனுப்புங்கோ. அதே வரிசையில ஒரு ப்ளேலிஸ்ட் கட்டிப் பார்ப்பம், ஷஃபிள் இல்லாமல்.